உஷார்! அதே கைப்பிடி, வேறு மருந்து

அடுப்பில் கஷாயச் சட்டி இருந்தால் முதலில் அதை இறக்கி வையுங்கள். இதை வாசித்து முடித்த பிறகு மீண்டும் ஏற்றுவதா, வாய்க்காலில் ஊற்றுவதா என்று நீங்களே முடிவெடுக்கலாம். சோளகக் காற்று அடிக்கிற இந்த வறண்ட மாதங்களில் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்து வளவுகளிலும் காட்டோரங்களிலும் நிற்கிற மூலிகையின் சாறு, மாரியில் நாங்கள் பறித்த மூலிகையின் சாறு போல இருக்காது. செடியின் பெயர் மாறவில்லை. நிற்கிற வேலியும் மாறவில்லை. நாங்கள் அள்ளிப் போடுகிற அளவும் மாறவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் மருந்துக்குத் தராசு கிடையாது. இருமலுக்கு ஒரு பிடி ஆடாதோடை, வயிற்றுப் பூச்சிக்கு நாலு வேப்பங்கொழுந்து, சலரோகத்துக்கு விடிய வெறும் வயிற்றில் பட்டிப்பூ அவித்த தண்ணீர். "ஒரு பிடி காணும் பிள்ளை, மூண்டு தம்ளர் தண்ணி விட்டு ஒண்டாக வத்த வை" என்று சொல்லித்தான் அம்மம்மாமார் எங்களை வளர்த்தார்கள். அந்தக் கணக்கை நான் பிழை சொல்ல மாட்டேன். அது மழை கண்ட செடியை வைத்துப் போட்ட கணக்கு. எந்த மாதத்தில் எந்த வேரைத் தோண்டலாம், எந்த இலையை எந்தப் பருவத்தில் பறிக்கலாம் என்று பரியாரியார்மாரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. போரில் ஊர் ஊராக ஓடிய ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் ஏடுகளோடு சேர்ந்து அந்த ஒழுங்கும் தொலைந்தது. மிஞ்சியது கைப்பிடி மட்டும்.

வன்னியின் மழைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐப்பசியில் தொடங்குகிற மாரி மழைதான் ஆண்டு முழுவதற்குமான முதல். தை கழிந்தால் வானம் மெல்லக் கையை இழுத்துக்கொள்ளும். சித்திரையில் இடியோடு சில பாட்டம் பெய்யும். பிறகு வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை வெயிலும் சோளகமும்தான். 2016ஆம் ஆண்டு மாரி பொய்த்து, 2017இல் நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்று நாடு முழுவதும் பேசப்பட்டதே, அந்த ஆண்டில் முத்தையன்கட்டுப் பக்கம் போய்வந்தவர்களுக்குக் குளத்தின் அடிமண் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. குரக்கன் அறுத்த ஒட்டைச் சுட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்று தான்தோன்றீஸ்வரர் கோயில் ஐதீகம் சொல்கிறது. காய்ந்த நிலமும் எரிந்த தாளும் எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கின்றன. வறட்சி எங்களுக்குப் புதிதில்லை. வறட்சியில் பறித்த மருந்தை அளவு பார்க்காமல் குடிக்கிற துணிவுதான் புதிது.

செடிக்குள் என்ன நடக்கிறது? செடிக்குக் கால் இல்லை. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது போல அதனால் ஓட முடியாது. மண் காய்ந்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற சுரப்பு கூடுகிறது. அது இலைக்குப் போய்ச் சேர்ந்ததும் இலையின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போவது இதனால் குறைகிறது. ஆனால் உணவு செய்யத் தேவையான கரியமிலவாயு உள்ளே வருவதும் அதே துளைகளால்தான். வாயிலைப் பூட்டியாயிற்று, வெயிலோ நிற்கவில்லை. இலை ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது, அதைச் சீனியாக்க வாயு போதவில்லை. போக்கிடம் இல்லாத அந்தச் சக்தி செடியின் கலங்களையே சுடத் தொடங்கும். அதற்கு வடிகாலாகச் செடி வேறு பொருட்களைக் கூடுதலாகச் செய்கிறது: கைப்பானவை, காரமானவை, மணக்கிறவை, துவர்க்கிறவை. மாடும் பூச்சியும் கடிக்காமல் காக்கிற காவலும் அவைதான். அல்கலாய்டு, பீனால், வாசனை எண்ணெய் என்று விஞ்ஞானிகள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'மருந்து' என்று சொல்வதும் அவற்றைத்தான்.

ஜேர்மனியின் பிரௌன்ஷ்வைக் பல்கலைக்கழகத்தில் டிர்க் செல்மாரும் சகாக்களும் சேஜ் என்ற மூலிகையை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். தண்ணீரைக் குறைத்து வளர்த்த செடியில் வாசனை எண்ணெயின் செறிவு தெளிவாகக் கூடியிருந்தது. செடி மட்டும் குறுகிப் போயிருந்தது. வெயிலில் வாடிய ஓமவல்லி இலையைக் கசக்கி மணந்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது.

இப்போது கைப்பிடிக் கணக்கைப் பாருங்கள். மாரியில் தளதளவென்று நிற்கிற இலையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராம் பறித்தால் சட்டிக்குள் போவது இருபது கிராம் சரக்கு. வாடிய இலையில் தண்ணீர் எழுபது பங்குதான் என்றால், அதே நூறு கிராமில் முப்பது கிராம் சரக்கு போகிறது. இரசாயன மாற்றம் எதுவும் இல்லாமலே ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. அந்தச் சரக்கில் மருந்துப் பொருளின் செறிவும் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால் மொத்தம் இரண்டு மடங்கு. வைத்தியர் எழுதித் தந்த குளிசை ஒன்றை இரண்டாக விழுங்குவோமா? கஷாயத்தில் அதைத்தான் செய்கிறோம், தெரியாமலே.

எல்லா மூலிகையிலும் கூடும் என்று நினைத்துப் பாதியாகக் குறைத்துவிடவும் முடியாது. வறட்சி மிதமாக இருக்கும்போது செறிவு கூடுகிற செடி, வறட்சி முற்றினால் செய்வதற்கே சக்தி இல்லாமல் கைவிட்டுவிடலாம். அப்போது இலை இருக்கும், மருந்து இருக்காது. வேரில் ஒன்று கூடும், இலையில் இன்னொன்று குறையும். ஒரே ஊரில் கிணற்றடியில் நிற்கிற ஆடாதோடைக்கும் காட்டோரம் கிரவல் மண்ணில் நிற்கிற ஆடாதோடைக்கும் ஒரே பலம் இருக்காது. கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. நாக்குக்குச் சில நேரம் தெரியும்: வழக்கத்தைவிடக் கைத்தால், தொண்டையைச் சுண்டினால், அந்தக் கஷாயத்தை மேலே குடிக்காதீர்கள். "கைக்கக் கைக்கத்தான் நல்ல மருந்து" என்று பிள்ளைகளின் வாயில் ஊற்றுகிற பழக்கம் இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

பட்டிப்பூவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். முற்றத்திலும் கோயில் வீதியிலும் சுடலையிலும் நிற்கும். எந்த வெயிலிலும் பூக்கிற செடி என்பதால் சோளக காலத்தில் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதான். சலரோகக்காரர் பலர் அதன் பூவையோ இலையையோ அவித்துக் குடிக்கிறார்கள். இதே பழக்கம் கடல் கடந்து ஜமெய்க்காவிலும் இருந்தது. அங்கிருந்து வந்த இலையின் சாற்றைக் கனடாவில் ரொபர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்ற இருவர் 1950களில் எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது இரத்தத்துச் சீனியைக் குறைக்கிற மருந்து. கண்டது வேறு: எலிகளின் வெள்ளை இரத்தக் கலங்கள் குறைந்தன, கிருமி தொற்றி எலிகள் செத்தன. அந்த வழியில் கிடைத்தவைதான் வின்பிளாஸ்ரீன், வின்கிறிஸ்ரீன் என்ற புற்றுநோய் மருந்துகள். இரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளை வின்கிறிஸ்ரீன் காப்பாற்றியிருக்கிறது. எத்தனை வலிய செடி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் மில்லிகிராமில் அளந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து ஏற்றுகிற பொருள் எங்கள் முற்றத்தில் நிற்கிறது. குடிக்கிறபோது ஊசியில் ஏறுகிற அளவுக்கு உடம்பில் ஏறாது என்பது உண்மைதான். அதை நம்பி நாள்தோறும் குடிக்கலாமா?

இந்தச் செடிக்குத் தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் சோதித்தார்கள். 2007இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தெளிவானது: தண்ணீரைக் குறைத்து வளர்த்த நித்தியகல்யாணியில் இன்டோல் வகை அல்கலாய்டுகள் கூடியிருந்தன. எங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் அதிகம் வேறுபடாத இடம் சிதம்பரம். அங்கே சட்டியில் நடந்தது இங்கே முற்றத்தில் நடக்காது என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

என் சின்னம்மா ஒருவர் சலரோகத்துக்குக் குளிசையும் எடுப்பார், பட்டிப்பூத் தண்ணீரும் குடிப்பார். குளிசை தருகிற டொக்ரருக்குப் பட்டிப்பூ பற்றித் தெரியாது. ஓர் ஆடி மாதக் காலையில் கிணற்றடியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கதை குழறி விழுந்துவிட்டார். சீனி இறங்கிவிட்டது. நினைவு தப்பாமல் இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்தோம். அதற்கு வறட்சியில் பறித்த பட்டிப்பூதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. குளிசையும் கஷாயமும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும்போது, இரண்டில் ஒன்றின் அளவு எவருக்கும் தெரியாவிட்டால், என்றைக்காவது இப்படி நடக்கும் என்பது மட்டும் நிச்சயம். சலரோகக் குளிசை, பிறஷர் குளிசை, இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற குளிசை எடுக்கிறவர்கள் இந்த மாதங்களில் வீட்டுக் கஷாயத்தைத் தொடாதீர்கள். குடித்துக்கொண்டிருந்தால் டொக்ரரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று மறைக்காதீர்கள்.

இது அளவின் ஆபத்து. இதைவிடப் பெரிய ஆபத்து ஆள்மாறாட்டம்.

மழைக் காலத்தில் ஒரு செடியை எப்படி அடையாளம் காண்கிறோம்? இலையால், பூவால், கொடி ஏறுகிற விதத்தால். வறட்சியில் செடி முதலில் துறப்பது இவற்றைத்தான். இலை உதிர்த்து, மேல்பகுதி காய்ந்து, தண்டும் கிழங்குமாக மட்டும் மிஞ்சும். அடையாள அட்டை இல்லாத ஆளைப் போல.

சீந்திலை எடுங்கள். அமிர்தவல்லி என்று பெயர் வாங்கிய கொடி. வெட்டிப் போட்டாலும் அந்தரத்தில் வேர்விட்டுத் தண்ணீர் தேடும். கோடையில் இலை கொட்டி, வேலியில் கயிறு போலத் தொங்கும். இந்தியாவில் கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று இதை நாள்தோறும் அவித்துக் குடித்தவர்களில் ஆறு பேர், 2020 கடைசியில் மும்பையில் ஈரல் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்களைப் பார்த்த மருத்துவர்கள் 2021இல் அதை எழுதியபோது பெரிய வாக்குவாதம் எழுந்தது. சீந்தில் அப்படிச் செய்யாது, அதைப் போலவே இருக்கிற இன்னொரு கொடியை மாறிப் பிடித்திருப்பார்கள் என்றது இந்திய ஆயுஷ் அமைச்சு. யார் சொல்வது சரியாக இருந்தாலும் எங்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. அந்த இன்னொரு கொடியும் சீந்தில் இனம்தான், இலங்கையிலும் இருக்கிறது. அதன் தண்டு முழுவதும் பரு எழும்பியது போலக் குமிழ் குமிழாக இருக்கும். இலை இல்லாத கொடியைப் பார்த்து, "சீந்தில்தான்" என்று சொல்கிறவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

கார்த்திகைப்பூவை இங்கே அறியாதவர் இல்லை. எந்த உணர்வோடு அதைப் பார்க்கிறோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். அது மண்ணுக்கு மேலே பூவாக நிற்கிறபோது எவரும் ஏமாறுவதில்லை. நுனி சுருண்டு பற்றிப் பிடிக்கிற அந்த இலையே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தை, மாசிக்குப் பிறகு கொடி காய்ந்து உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். ஆடி, ஆவணியில் அது நின்ற இடத்தில் ஒரு சுவடும் இருக்காது. மண்ணுக்குள் கலப்பை போல வளைந்த கிழங்கு மட்டும் உறங்கிக் கிடக்கும். கலப்பைக் கிழங்கு என்று பெயர் வந்ததும் அதனால்தான். அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் பற்றைக்குள் சாத்தாவாரிக்கும் காட்டுவள்ளிக்கும் அலவாங்கோடு போகிறோம். பசி வந்த வீட்டில், கிழங்கு என்று எது அகப்பட்டாலும் சட்டிக்குள் போகும்.

அந்தக் கிழங்கில் இருப்பது கொல்கிசீன். அவித்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள், போகாது. தின்று சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் பிடிக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த நாள் கொஞ்சம் தெளிந்தது போலவும் இருக்கும். அதன் பிறகுதான் சிறுநீரகம், இதயம், எலும்பு மச்சை என்று ஒவ்வொன்றாக விழும். பிழைத்தவருக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில், இந்தக் கிழங்கு நஞ்சிலிருந்து தப்பிய ஒருவருக்கு உடலெங்கும் முடி உதிர்ந்துபோனதை இலங்கை மருத்துவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். ஆகவே, காட்டுக் கிழங்கு தின்ற வீட்டில் ஒருவருக்கு வாந்தி தொடங்கினால் அடுத்தவருக்குத் தொடங்கும் வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு எடுத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மிச்சக் கிழங்கையும் தோலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தால்தான் டொக்ரருக்கு நேரம் மிச்சம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் இருந்தும் அவர்களிடம் கேட்க முடியும்.

காட்டில் கிடைக்காவிட்டால் கடையில் தூளாக வாங்குவோம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு சொல். தட்டுப்பாடு வந்தால் கலப்படமும் வரும். பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் 1990களின் தொடக்கத்தில் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் வரிசையாகச் சிறுநீரக நோய்க்கு ஆளானார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள். போட வேண்டிய வேருக்குப் பதிலாக, சீனப் பெயர் ஒத்திருந்த இன்னொரு வேரைப் போட்டுவிட்டார்கள். அந்த வேர் எங்கள் ஆடுதீண்டாப்பாளைக்குச் சொந்தக்கார இனம். பெயரே எச்சரிக்கிறது: ஆடுகூடத் தீண்டாது. தூளாக அரைத்த பிறகு ஆடும் கண்டுபிடிக்காது, நாங்களும் கண்டுபிடிக்க மாட்டோம். வேராக, பட்டையாக, முழுசாக விற்கிற கடையில் வாங்குங்கள்.

வறட்சி களையையும் மாற்றும். பயிர் சுருங்கி நிற்கிற வயலில், வறட்சிக்கு அஞ்சாத களை முந்திக்கொள்ளும். ஆப்கானிஸ்தானின் ஹெராத் பக்கம் 1970களில் இரண்டு ஆண்டு கடும் வறட்சிக்குப் பிறகு கோதுமையோடு ஒரு களையின் விதை கலந்துவிட்டது. தேள்கொடுக்கு என்று நாங்கள் சொல்கிற செடியின் இனம். ஏறக்குறைய 35,000 பேர் வாழ்ந்த ஊர்களில் 7,200 பேரைச் சோதித்ததில் 22.6 வீதமானவர்களுக்கு ஈரல் பழுதாகியிருந்தது. அதே வகை நஞ்சு கிலுகிலுப்பையிலும் உண்டு. பேராதனையில் ஆர்சகுலரத்னவும் சகாக்களும் 1981இல் இலங்கை மருந்துச் செடிகளைச் சோதித்தபோது கிலுகிலுப்பை இனம் ஒன்று எலிகளின் ஈரலைப் பழுதாக்கியதைக் கண்டார்கள். குரக்கன் புடைக்கிறபோது அந்நிய விதை கிடந்தால் கோழிக்கும் போடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். மூலிகையை மட்டும் பேசிவிட்டு அதை அவிக்கிற தண்ணீரை மறந்துவிடுகிறோம். கிணறு அடிமட்டத்துக்கு இறங்கும்போது உப்பும் கல்லுத்தன்மையும் கூடுகின்றன. உலர் வலயத்தின் பல கிணறுகளில் புளோரைட்டும் இருக்கிறது; குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சித்த வைத்தியத்தில் 'குடிநீர்' என்கிற கஷாய வகைகளை எட்டொன்றாக வற்ற வைக்கச் சொல்வார்கள். எட்டுத் தம்ளர் தண்ணீர் ஒரு தம்ளராகும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். எட்டுத் தம்ளரில் இருந்த உப்பும் புளோரைட்டும் அநேகமாக முழுவதும் அந்த ஒரு தம்ளருக்குள் நிற்கும். அதைக் கிழவருக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் கொடுக்கிறோம். எங்களுக்குத் தெற்கே மதவாச்சி, பதவியா பக்கத்தில் காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை விழுங்கியிருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கஷாயத்தால் அது வந்தது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே களைத்திருக்கிற சிறுநீரகத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றாதீர்கள் என்கிறேன். கஷாயம் வைத்தே ஆக வேண்டும் என்றால் மாரியில் சேமித்த மழைத் தண்ணீரிலோ, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த தண்ணீரிலோ வையுங்கள்.

வற்றிய குளத்துச் சேற்றில் முளைக்கிற வல்லாரையும் வேண்டாம். மேட்டு வயல்களில் அடித்த பூச்சிமருந்தெல்லாம் வந்து அடங்குகிற இடம் அது.

மரவள்ளி மருந்துச் செடி அல்ல, ஆனாலும் அதை இதில் சேர்க்காமல் விட முடியாது, ஏனென்றால் வன்னியின் பஞ்ச காலச் சோறு அதுதான். மரவள்ளியில் சயனைட்டைத் தரக்கூடிய பொருள் எப்போதும் இருக்கிறது. வறட்சியில் அது கூடும். 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. மற்றப் பயிர் எல்லாம் கருகி, கைப்பு மரவள்ளி மட்டும் மிஞ்சியது. வழக்கமாகப் பல நாள் காயவைத்து நஞ்சு நீக்கி உண்கிறவர்கள், பசி தாங்காமல் அந்த நாட்களைச் சுருக்கினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், திடீரென்று கால்கள் விறைத்துப் போயின. கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர். விறைத்த கால் பிறகு இளகுவதில்லை. எங்கள் மரவள்ளி அந்த அளவுக்குக் கைப்பில்லாத இனம். ஆனாலும் கோடையில் பிடுங்கிய கிழங்கைத் தோலை ஆழமாகச் சீவி, துண்டாக்கித் தண்ணீரில் ஊறவிட்டு, சட்டியை மூடாமல் அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். நுனி கைத்தால் முழுக் கிழங்கையும் எறியுங்கள். மரவள்ளி தின்றால் இஞ்சி சேர்க்காதே என்று சொல்லி வளர்த்தார்கள். இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். நஞ்சு கிழங்கில் இருக்கிறது.

அப்படியானால் மூலிகையே வேண்டாமா என்று கேட்பீர்கள். சித்த வைத்தியத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதையால்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். கைதடியில் அதற்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறது. படித்த சித்த வைத்தியர்கள் இந்த மாகாணத்தில் எங்கும் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் போங்கள். அவர்கள் தருவது நிறுத்து, காயவைத்து, சுத்தி செய்த மருந்து. வீட்டில் வைத்தே ஆக வேண்டிய சின்னக் கஷாயத்துக்கு, மாரி முடிந்த கையோடு பறித்து நிழலில் உலர்த்திப் போத்தலில் அடைத்து, பறித்த மாதத்தை எழுதி ஒட்டி வையுங்கள். அதைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு சின்னச் சமையல் தராசு கடையில் வாங்கலாம். பாலூட்டுகிற தாய்க்கும், பிள்ளைத்தாச்சிக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் கோடையில் பச்சையாகப் பறித்த எதையும் அவித்துக் கொடுக்காதீர்கள்.

காட்டையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு கொடி கோடையைத் தாண்டி மாரியில் முளைப்பது அதன் கிழங்கில் இருக்கிற கையிருப்பை நம்பித்தான். நன்னாரியையும் சாத்தாவாரியையும் இந்த மாதத்தில் அடியோடு தோண்டினால் அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலை. குளக்கட்டு மருதமரத்தில் சுற்றிவரப் பட்டை உரிக்கிறவர்களைக் கண்டால் தடுத்துப் பேசுங்கள். தண்ணீர் இல்லாமல் தவிக்கிற மரத்துக்கு அந்த வெட்டுத்தான் கடைசி வெட்டு.

முதல் மழை விழுந்ததும் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள் என்பதுதான் என் கடைசிப் பயம். வறட்சியில் வாடி நின்ற இறுங்கு மழைக்குப் புதுக்குருத்து விடும்போதுதான் அதில் சயனைட் ஏறி நிற்கும். பசியோடு அவிழ்த்துவிட்ட மாடு அதை மேய்ந்தால் பட்டிக்குத் திரும்பி வராது. முழங்காலுக்கு நன்றாக மேலே வளரும் வரை அந்தப் பக்கம் மாட்டை விடாதீர்கள். மரவள்ளியும் ஒரு மழைக்குத் தெளிந்துவிடாது, சில கிழமை பொறுக்க வேண்டும். பிறகு கார்த்திகை வரும். வேலியிலும் பற்றையிலும் அந்தச் சிவப்பும் மஞ்சளுமான பூ விரியும். அப்போது ஒரு நாள் பின்னேரம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், வளவில் அது பூத்திருக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கிளுவந்தடியை ஊன்றி, நுனியில் சிவப்புச் சீலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். அடுத்த ஆடியில் கொடி இருக்காது. தடி இருக்கும்.